திரு. சலினாஸின் விதவை

ஓக் நிழல் முதியோர் இல்லத்தில் யாரையும் யாரிடமிருந்தும் பிரிப்பதில்லை. ஆங்கில அகரவரிசையில் அடுக்குவார்கள், அவ்வளவுதான். கடைசிப் பெயரின் முதல் எழுத்து எதுவோ அந்த எழுத்துப் பகுதியில்தான் கட்டில். ஆண்டர்சன்களும் ஆடம்ஸ்களும் வாசலோரம் வெயில் காய்ந்துகொண்டு சுகப்பட்டார்கள். யங் என்ற கிழவர் கோடிப் பகுதியிலிருந்து ஊன்றுகோலோடு சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்து சேர்வதற்குள் சூப் ஆறிவிடும். அதற்காக அவர் இல்லத்தைத் திட்டியதில்லை. தன் பாட்டனாரைத்தான் திட்டுவார்.

டெக்சஸின் வடக்கே, எங்கள் ஸ்பானிஷ் பாஷை பேசுகிறவர்கள் பெரும்பாலும் புல் வெட்டவும் கூரை வேயவும் மட்டுமே தென்படுகிற ஒரு பணக்கார ஊரில் இருந்தது அந்த இல்லம். அங்கேதான் ராமிரோ தன் அப்பாவையும் அம்மாவையும் கொண்டுபோய் விட்டான். 'விட்டான்' என்பது நம் வார்த்தை. டாக்டர் கண்காணிப்பில் கொஞ்ச நாள் வைத்திருக்கிறேன் என்பது அவன் வார்த்தை. எல்லைக்குத் தெற்கே மெக்சிகோவில் எங்கள் ஊரான லினாரெஸில் இருக்கும் சித்தி எலோடியாவிடம் அவன் அதையும் சொல்லவில்லை. அவளைப் பொறுத்தவரை அக்காளும் அத்தானும் ராமிரோ வீட்டில் மெத்தைச் சோபாவில் உட்கார்ந்து ராஜபோகம் அனுபவிக்கிறார்கள்.

அதற்குச் சாட்சியும் இருந்தது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராமிரோ இருவரையும் வீட்டுக்கு அழைத்து வருவான். சோபாவில் உட்காரவைத்துப் படம் எடுப்பான். பிறகு அப்பாவின் சட்டையை மாற்றி, அம்மாவின் தோளில் வேறொரு சால்வையைப் போட்டு இன்னொரு படம். இப்படி ஒரே மத்தியானத்தில் ஒரு மாதத்துக்கான படங்களை எடுத்துவைத்துக்கொண்டு வாரம் ஒன்றாக லினாரெஸுக்கு அனுப்புவான். அம்மா ஒன்றும் கேட்காமல் சால்வையை மாற்றிக்கொள்வாள். அவள் கேட்டிருந்தால் அவனுக்கு அத்தனை வலித்திருக்காது.

வீட்டில் ஓர் அறை காலியாகத்தான் இருந்தது. அதில் அவன் மனைவி ஷெல்லியின் நடைப்பயிற்சி இயந்திரம் குடியிருந்தது. அதன்மேல் யாரும் நடந்து பல வருஷமாகிறது, துவைத்த துணிதான் காய்ந்தது. ஆனாலும் அந்த அறையை எப்படிக் காலி செய்வது என்று பேச்செடுக்கும்போதெல்லாம் ஷெல்லி, "நான் மறுபடி ஆரம்பிக்கலாம்னு இருக்கேன், ரே" என்பாள். அவனுக்கும் உள்ளூர அது வசதியாக இருந்தது. குற்றத்தைத் தூக்கி இயந்திரத்தின் மேல் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விடலாம்.

எங்கள் ஆட்களின் பெயருக்குப் பின்னால் இரண்டு வால் உண்டு. முதல் வால் அப்பா கொடுத்தது, கடைசி வால் அம்மா கொடுத்தது. கல்யாணம் ஆனாலும் பெண் தன் வால்களை விடமாட்டாள், புருஷனுடையதை எடுத்து ஒட்டிக்கொள்ளவும் மாட்டாள். அப்பாவின் பெயர் அபுந்தியோ கவாசோஸ் எலிசோந்தோ. அம்மாவின் பெயர் ஒஃபேலியா த்ரெவினோ சலினாஸ். பிள்ளை ராமிரோ கவாசோஸ் த்ரெவினோ. இதில் எங்கள் ஊர்த் தபால்காரனுக்கோ பாதிரியாருக்கோ ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை.

ஓக் நிழலில் கடைசி வாலைப் பிடித்தார்கள். எலிசோந்தோ என்பதால் அப்பா ஈ பகுதிக்குப் போனார். சலினாஸ் என்பதால் அம்மா எஸ் பகுதிக்குப் போனாள். நடுவே எத்தனையோ எழுத்துகள், இரண்டு மின்தூக்கிகள், ஒரு செயற்கை நீரூற்று. ராமிரோவோ அம்மா கொடுத்த வாலை டைல்ஸ் கம்பெனியில் சேர்ந்த அன்றே வெட்டிவிட்டவன். சட்டையில் குத்துகிற பெயர்த் தகட்டில் இடமில்லை. அவன் வெறும் ரே கவாசோஸ். ஆக மூன்று பேர், மூன்று கடைசிப் பெயர்கள். இல்லம் யோசித்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தது. வந்திருப்பது ஒரு பிரம்மச்சாரி, ஒரு விதவை, அவர்கள்மேல் இரக்கப்பட்ட யாரோ ஒரு நல்ல மனிதர்.

விதவை என்று ஆனபிறகு சும்மா விடுவார்களா? திருமதி சலினாஸ் இருக்கிறார், திரு. சலினாஸைக் காணோம் என்றால் அவர் காலமாகிவிட்டார் என்றுதானே அர்த்தம். துக்கம் ஆற்றும் குழுவினர் அம்மாவை நடுவில் உட்காரவைத்து மெழுகுவத்தி ஏற்றினார்கள். ஆளாளுக்கு அவள் கையைப் பிடித்துக் கண்ணை மூடினார்கள். மறைந்தவரின் படம் ஒன்றும் கிடைக்காததால் ஓவியம் தெரிந்த தொண்டர் ஒருவர் தன் கற்பனையில் வரைந்துகொடுத்தார். பெரிய மீசை, பெரிய தொப்பி, பின்னால் ஒரு கள்ளிச்செடி. அதைச் சட்டம் போட்டு அம்மாவின் தலைமாட்டில் மாட்டினார்கள்.

இதெல்லாம் எதற்கு என்று அம்மா ராமிரோவைக் கேட்டாள். சலினாஸ் என்று ஒருவருக்காக அழச் சொல்கிறார்கள் என்றான் அவன். அவள் யோசித்தாள். அவளுடைய அம்மாவைப் பெற்ற தாத்தாதான் சலினாஸ். கோவேறு கழுதை வியாபாரி. அவள் பிறக்கும் முன்பே போய்ச் சேர்ந்தவர். பாவம், அவருக்கும் யாராவது ஜெபம் பண்ண வேண்டுமே என்று ஒரு ஜெபமாலை சொல்லி முடித்தாள். குழுவினர் மனம் நெகிழ்ந்து கேக் வெட்டினார்கள்.

மறுநாள் அப்பா ஈ பகுதியிலிருந்து தட்டுத்தடுமாறி எஸ் பகுதிக்கு வந்து அந்தப் படத்தைப் பார்த்தார்.

"யாரு இவன்?"

"என் புருஷனாம்."

அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார். "ஆளு நல்லாத்தான் இருக்கான்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அவர் அப்படி உட்காரவேண்டிய காரணம் இருந்தது. அப்பாவுக்கு இடது காது முழுக்கப் போய்விட்டது. வலது காதில் அம்மாவின் குரல் ஒன்றுதான் தெளிவாக விழும். ஆங்கிலம் எந்தக் காதிலும் விழாது. ஐம்பது வருஷத்துக்கு மேலாக, அவள் பக்கத்தில் உட்கார்ந்து திட்டத் திட்டத்தான் அவருக்குச் சோறு இறங்கியிருக்கிறது. ஈ பகுதியில் தட்டை அன்பாக நீட்டினார்கள், அன்பாகவே எடுத்துக்கொண்டு போனார்கள். திட்ட ஆளில்லை. அப்பாவின் காற்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. ராமிரோ ஒவ்வொரு முறை வரும்போதும் பெல்ட்டில் ஒரு துளை அதிகம் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். இது இப்படியே போனால் எங்கே முடியும் என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை.

இல்லமும் அப்பாவைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தது. புதிதாகக் கணவனை இழந்த ஒரு பெண்ணின் கட்டிலருகே, மணமாகாத ஆண் ஒருவர் தினமும் வந்து உட்கார்கிறார். அது போதாதென்று வழியில் பார்க்கிற தாதிகளையெல்லாம் கன்னத்தில் முத்தமிட்டு வணக்கம் சொல்கிறார். எங்கள் பக்கத்தில் அப்படிச் செய்யாதவன்தான் மரியாதை கெட்டவன். இங்கே அவருக்கு மஞ்சள் பட்டை ஒன்றைக் கையில் கட்டினார்கள். பொருள்: இவர் வந்தால் ஒரு கை தூரம் தள்ளி நில்லுங்கள். அப்பா அதைக் கௌரவப் பட்டம் என்று நினைத்துக்கொண்டு சட்டைக் கையை மடித்துவிட்டு எல்லோருக்கும் காட்டினார். பட்டையைக் காட்ட நெருங்கி வந்தார் என்று இன்னொரு பட்டை கட்டினார்கள். அதற்கும் நன்றி சொல்லி முத்தமிட்டார்.

பிறகு எஸ் பகுதிக் கதவு அவருக்கு மூடப்பட்டது. துக்க காலம் முடியும்வரை விதவைக்கு மணமாகாத ஆண் பார்வையாளர் கூடாது என்று விதி. அப்பா கதவுக்கு வெளியே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தார். கதவுக்கு உள்ளே அம்மா உட்கார்ந்து உரக்கத் திட்டினாள். காதில் பாதி விழுந்தது. அன்றைக்குப் பாதிச் சாப்பாடு இறங்கியது.

ராமிரோ இதைக் கேள்விப்பட்டு இயக்குநரிடம் ஓடினான். திருமதி பிரிசில்லா விட்காம் நல்ல மனுஷி. எந்தச் சமூகத்தார் வந்தாலும் அவர்கள் பண்பாட்டை மதிக்கத் தனியாகப் பயிற்சி வகுப்புப் போய்ச் சான்றிதழ் வாங்கிச் சுவரில் மாட்டியிருந்தார். ராமிரோ வெட்கத்தைவிட்டு, அவர்கள் இருவரும் கணவன் மனைவி, தான் அவர்கள் பெற்ற பிள்ளை என்று சொல்லி லினாரெஸ் தேவாலயத்துத் திருமணப் பத்திரத்தை நீட்டினான். அவர் அதை அக்கறையோடு படித்தார்.

"மிஸ்டர் கவாசோஸ், இதுல கல்யாணத்துக்கு அப்புறமும் ரெண்டு பேர் பேரும் வேற வேறயாத்தானே இருக்கு. கல்யாணம் நடக்கலைங்கிறதுக்கு இதைவிட ஆதாரம் வேணுமா?"

அவர்கள் வழக்கம் அப்படி என்றான் ராமிரோ. 'எங்கள் வழக்கம்' என்று சொல்ல வாயெடுத்து, பெயர்த் தகட்டின் ஞாபகத்தில் 'அவர்கள்' என்று மாற்றிக்கொண்டான்.

"வழக்கத்தை நான் ரொம்ப மதிக்கிறவ. ஆனா குடும்பம்னா ஒரே பேரு இருக்கணும் இல்லையா? பேருதான் அஸ்திவாரம். நானே இதுவரைக்கும் மூணு தடவை பேரை மாத்தியிருக்கேன். நாலாவதுக்கும் தயாராத்தான் இருக்கேன். அவங்களால ஒரு தடவை மாத்த முடியாதா?"

அவரே ஒரு வழியும் சொன்னார். இல்லத்துப் புல்வெளியில் வெள்ளைக் கூடாரம் போட்டு இருவருக்கும் கல்யாணம் செய்துவைக்கலாம். பத்திரிகைக்காரர்கள் வருவார்கள். முதுமையில் பூத்த காதல். அதன்பிறகு அம்மா திருமதி எலிசோந்தோ ஆகிவிடுவாள். இருவரும் ஈ பகுதியிலேயே ஒரே அறையில் இருக்கலாம்.

இதுதான் அந்த நேரம். என் வீட்டுக்கே அழைத்துக்கொண்டு போகிறேன் என்று ராமிரோ சொல்லியிருக்கலாம். நாக்கின் நுனிவரை வந்தது. அறையில் இயந்திரம், அதன்மேல் துணி, ஷெல்லியின் முகம், எல்லாம் வரிசையாக வந்து நின்றன. நல்ல யோசனை, அம்மாவிடம் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்தான். தன்மேலேயே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

அப்பாவுக்குக் கல்யாணத்தில் ஆட்சேபணை இல்லை. கேக் உண்டா என்று மட்டும் கேட்டார். அம்மா கையிலிருந்த ஜெபமாலையைக் கீழே வைத்தாள்.

"மாதா சந்நிதியில கட்டிக்கிட்டு, உன்னையும் பெத்து, வளத்து, இப்ப இவங்க முன்னாடி இன்னொரு தரம் கட்டணும்னா, இத்தனை வருஷமும் நான் இந்த மனுஷனை வெச்சுக்கிட்டு இருந்தேன்னு அர்த்தம். அப்படித்தானேடா?"

"அப்படி இல்லம்மா. சும்மா ஒரு சடங்குதான்."

"அப்புறம் எனக்கு என்ன பேருங்கிற?"

"திருமதி எலிசோந்தோ."

அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். எலிசோந்தோ என்பது அப்பா தன் தாயாரிடமிருந்து வாங்கிய வால். "உங்கப்பனோட ஆத்தா பேரு அது. நான் சமைச்சதை ஒருநாள் ஒருபொழுது நல்லா இருக்குன்னு சொல்லாம செத்தவ. அவ பேரைச் சுமந்துக்கிட்டு நான் சாகணுமா? அதுக்கு இந்த மீசைக்காரனே தேவலை. வாயைத் திறக்க மாட்டேங்கிறான்."

கல்யாணம் நின்றுபோனது. அப்பா இன்னும் மெலிந்தார். ஒருநாள் கதவோரம் உட்கார்ந்தபடியே மயங்கிச் சாய்ந்துவிட்டார். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, உடம்பில் கோளாறு ஒன்றும் இல்லை, சாப்பிடாவிட்டால் மட்டும் அதிக நாள் தாங்காது என்றார். அம்மா அன்றைக்குத் திட்டவில்லை. ராமிரோவைக் கூப்பிட்டுவிட்டு, இங்கே யார் பெரியவர்களோ அவர்களிடம் தான் நேரில் பேச வேண்டும் என்றாள்.

பேசலாம் என்று இல்லமும் ஒப்புக்கொண்டது. இல்லத்தின் கண்ணியக் குழு கூடியது. குழு என்றால் திருமதி விட்காமும், அவர் பேசும்போது தலையாட்ட இருவரும். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாதே, மொழிபெயர்க்க யார் என்ற கேள்வி வந்தது. குடும்பத்தார் மொழிபெயர்த்தால் பாசத்தில் திரித்துவிடுவார்கள் என்பதால் விதி அதைத் தடுக்கிறது. ஆனால் மிஸ்டர் கவாசோஸ் குடும்பத்தார் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லையே. ஆகவே அவர் தாராளமாக மொழிபெயர்க்கலாம் என்று முடிவாயிற்று. வலது கையை உயர்த்தி, கேட்டதைக் கேட்டபடி, கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன் என்று ராமிரோ சத்தியம் செய்தான். அம்மாவுக்கு உதவி செய்வதாகத்தான் அவன் நினைத்தான்.

அப்பாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்து ஓரமாக நிறுத்தியிருந்தார்கள். அவர் இரண்டு மஞ்சள் பட்டைகளும் தெரியும்படி கையை மடியில் வைத்துக்கொண்டு சிரித்த முகமாக இருந்தார்.

திருமதி விட்காம் விளக்கினார். இல்லத்தில் ஓர் அறையை இருவர் பகிர்ந்துகொள்ள இரண்டே வழிகள். ஒன்று, ஒரே பெயருள்ள தம்பதியாக இருக்க வேண்டும். மற்றது, கருணைத் திட்டம். பிள்ளை குட்டி, உற்றார் உறவு என்று ஒருவருமே இல்லாத அநாதைகள், தங்களைப் போன்ற இன்னோர் அநாதையோடு சேர்ந்து ஒரே அறையில் இருக்கலாம். அவர்களுக்கு மட்டும் பெயர், எழுத்து, துக்க காலம் எதையும் இல்லம் பார்ப்பதில்லை. கேட்பார் இல்லாதவர்களுக்கு இல்லம்தான் குடும்பம்.

ராமிரோ இதை அம்மாவுக்குச் சொன்னான். அவள் நிதானமாகக் கேட்டாள். அவன் முகத்தைப் பார்த்தாள். அப்பாவின் இடுப்பைப் பார்த்தாள். மறுபடி ஒருமுறை அவன் முகத்தைப் பார்த்தாள். கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தாள். அவன் ஏதாவது சொல்வானா என்று அவள் காத்திருந்தது அவனுக்குப் புரிந்தது. அவன் மேஜையைப் பார்த்தான்.

"எங்களுக்குப் பிள்ளை கிடையாதுன்னு சொல்லு" என்றாள் அம்மா.

"அம்மா" என்றான்.

"சத்தியம் பண்ணியிருக்க. சொல்லு."

சொன்னான். ஆங்கிலத்தில் அது சின்ன வாக்கியம், சீக்கிரம் முடிந்துவிட்டது. குழு தலையாட்டியது. ஆனால் திருமதி விட்காம் எதையும் தீர விசாரிக்கிறவர். நன்றாக யோசித்துச் சொல்லுங்கள், எங்காவது தூரத்தில்கூட ஒரு பிள்ளை, ஒரு பெண், யாருமே இல்லையா என்று கேட்கச் சொன்னார். இவர் ஏதோ மகன் என்று முன்பு சொன்னாரே என்பதையும் சிரித்துக்கொண்டே நினைவூட்டினார். ராமிரோ அதையும் கூட்டாமல் குறைக்காமல் அம்மாவிடம் கேட்டான்.

அம்மாவின் குரலில் கோபமே இல்லை.

"பிள்ளைன்னு ஒருத்தன் இருந்திருந்தா, நாங்க ஏன் இங்க வந்திருக்கப்போறோம்? அதைக் கேளு அவங்களை."

ராமிரோ கேட்டான். அந்தப் பாஷைக்கும் இந்தப் பாஷைக்கும் நடுவே அத்தனை வருஷம் எத்தனையோ வார்த்தைகளை அவன் மழுப்பியிருக்கிறான், மாற்றியிருக்கிறான், வெட்டியிருக்கிறான். இது ஒன்றை மட்டும் அப்பழுக்கில்லாமல் மொழிபெயர்த்தான். சொல்லி முடித்தபோது அவன் கண் நிறைந்துவிட்டது. மொழிபெயர்ப்பாளருக்குத் தண்ணீர் கொடுங்கள் என்றார் ஒரு குழு உறுப்பினர்.

"இதுக்கு மேல ஆதாரமே வேண்டாம்" என்றார் திருமதி விட்காம். "என் பயிற்சியிலயே சொல்லிக்கொடுத்திருக்காங்க. இந்த ஜனங்கள்ல பிள்ளைங்க பெத்தவங்களை விடவே மாட்டாங்க. அப்படி ஒருத்தன் இருந்தா வீட்டுல வெச்சுத் தாங்கியிருப்பான்."

அறை அன்றைக்கே கிடைத்தது. நீரூற்றுக்குப் பக்கத்தில், எந்த எழுத்தும் இல்லாத அறை. இரண்டு கட்டில், ஒரு ஜன்னல். ராமிரோதான் பெட்டிகளைத் தூக்கிவந்து வைத்தான். திரு. சலினாஸின் படத்தை என்ன செய்வது என்று கேட்டபோது, பரவாயில்லை, அவரும் இருக்கட்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். சாப்பாட்டுத் தட்டு வந்தது. அவள் அப்பாவின் வலது பக்கம் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, மனுஷனா நீ, உடம்பை இப்படியா வைத்துக்கொள்வது என்று ஆரம்பித்தாள். அப்பா வாயைத் திறந்து ஒரு கவளம் வாங்கிக்கொண்டார். ராமிரோ வாசலில் நின்று அதைப் பார்த்தான். அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் தனக்குப் பங்கில்லை என்பதும் தெரிந்திருந்தது.

திருமதி விட்காம் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று எட்டிப் பார்க்க வந்து அவன் பக்கத்தில் நின்றார். அப்போதுதான் அம்மா திரும்பினாள். அவனைப் பிறந்ததிலிருந்து 'வாடா போடா' என்று கூப்பிட்டவள், முன்பின் தெரியாத ஆளிடம் பேசுகிற மரியாதையோடு பேசினாள்.

"ரொம்ப நன்றிங்க. நேரமாச்சு, நீங்க கிளம்புங்க. வீட்டுல உங்க அம்மா உங்களை எதிர்பார்த்துக்கிட்டு இருப்பாங்க."

இயக்குநருக்காக நடிக்கிறாளா, தன்னைத்தான் குத்துகிறாளா என்று அவனுக்கு விளங்கவில்லை. அவள் முகத்திலிருந்து கண்டுபிடிக்கப் பார்ப்பதற்குள் அவள் கரண்டியோடு அப்பாவின் பக்கம் திரும்பிவிட்டாள்.

"என்ன சொல்றாங்க?" என்று திருமதி விட்காம் ஆவலாகக் கேட்டார்.

"வீட்டுல என் அம்மா எனக்காகக் காத்துக்கிட்டு இருப்பாங்கன்னு சொல்றாங்க."

திருமதி விட்காம் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். "எவ்வளவு பாசமான ஜனங்க" என்றார். பிறகு, உறவினர் அல்லாதவர்களுக்குப் பார்வை நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லி, அவனை வாசல்வரை அழைத்துக்கொண்டு போய் விட்டார்.